மழை பெய்த வருஷத்துப் பஞ்சப்படி

பாப்பா, தம்பி, இதை இரண்டு பேரும் சேர்ந்து உட்கார்ந்து படியுங்கள். ஒருத்தர் படித்துவிட்டு இன்னொருத்தருக்குக் கதையாகச் சொல்கிற வேலை வேண்டாம். நான் பத்தாவதோடு நின்றவன். எழுத்தில் பிழை இருந்தால் திருத்திக்கொள்ளுங்கள். விஷயத்தில் பிழை இருக்காது. ஒரு தடவை பிழையாகச் சொல்லி உன்னை அவமானப்பட வைத்தேன் பாப்பா. அதற்கப்புறம் நாலு பேரை விசாரிக்காமல் நான் எதையும் அடித்துச் சொல்வதில்லை.

உனக்கு நினைவிருக்கும். பரீட்சைக்கு முந்தின நாள் சாயங்காலம், "அப்பா, அகவிலைப்படின்னா என்னாப்பா?" என்று கேட்டாய். அந்த வார்த்தையை நான் காதால் கேட்டதே இல்லை. "பஞ்சப்படின்னும் சொல்லுவாங்களாம், டீச்சர் சொன்னாங்க" என்றாய். எனக்கு ஒரே உற்சாகம். பிள்ளைகள் கேட்கிற கேள்விக்கு அப்பனுக்குப் பதில் தெரிகிற சந்தர்ப்பம் அடிக்கடி வருவதில்லை.

"அட, அதுவா? மழை பேயாம பஞ்சம் வந்துச்சுன்னா அந்த வருஷம் மட்டும் சம்பளத்தோட சேத்துக் குடுப்பாங்க. மழை பேஞ்ச வருஷம் கெடையாது" என்றேன்.

நீ அதை அப்படியே எழுதினாய். விடைத்தாள் வந்தபோது அந்தக் கேள்விக்கு முட்டை. பக்கத்தில் சிவப்பு மையில் டீச்சர், "யார் சொன்னது?" என்று எழுதியிருந்தார். நீ தாளை என் முன்னால் வைத்துவிட்டுப் போய்விட்டாய். திட்டியிருந்தால் தேவலை.

யார் சொன்னது? நான் சொன்னேன். எனக்கு என் முதலாளி சொன்னார். ஒரு மனுஷன் கல்லாவில் உட்கார்ந்துகொண்டு எங்களுக்குச் சொன்ன பொய், என் வாய் வழியாக நடந்து வந்து என் மகளின் பரீட்சைத் தாளில் உட்கார்ந்துவிட்டது. அந்தப் பொய்யின் கதையைத்தான் எழுதுகிறேன்.

நான் வேலை பார்க்கிற மெஸ் மந்தாரக்குப்பத்தில் இருப்பது உங்களுக்குத் தெரியும். நான் தோசை மாஸ்டர். காலையில் நைட் ஷிப்ட் முடித்து வருகிறவர்களும் முதல் ஷிப்டுக்குப் போகிறவர்களும் ஒரே நேரத்தில் வந்து விழுவார்கள். பாதிப் பேர் பக்கத்து நிலக்கரிச் சுரங்கத்தில் கான்ட்ராக்ட் வேலைக்காரர்கள். அந்த ஒன்றரை மணி நேரம் தோசைக்கல்லை விட்டு நான் தலை நிமிர்வதில்லை.

என் முதுகுக்குப் பின்னால், பின்கட்டில், ஒரு அக்கா இருந்தார். சட்னிக்கு அரைப்பது, மாவு ஆட்டுவது, பாத்திரம் கழுவுவது எல்லாம் அவர்தான். என்னைவிட நாலைந்து வயசு மூத்தவர். சோப்புத் தண்ணீரில் கிடந்து கிடந்து விரலிடுக்கெல்லாம் வெந்து வெளுத்திருக்கும். அவர் புருஷன் திருப்பூருக்கு வேலைக்குப் போனவர், திரும்பி வரவில்லை. ஒரே மகளைக் கட்டிக்கொடுத்துவிட்டு மெஸ்ஸுக்குப் பின்தெருவில் ஒற்றை அறையில் வாடகைக்கு இருந்தார். சிமெண்டு ஓடு போட்ட அறை. வெயிலில் அடுப்பு மாதிரி இருக்கும். ஆனால் அந்த அறைதான் அவருக்கு வேலையே. விடிவதற்கு முன்னால் சட்னிக்கு அரைத்தாக வேண்டும். அந்த நேரத்துக்கு எந்த ஊரிலிருந்தும் பஸ் கிடையாது. காடாம்புலியூர்ப் பக்கம் அவருடைய தம்பி வீடு இருந்தது. அங்கே போய்விட்டால் மெஸ் வேலை போய்விடும். இதை மனசில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

முதலாளியை ராட்சசன் என்று நினைக்காதீர்கள். தீபாவளிக்கு வேட்டி, சேலை எடுத்துக் கொடுப்பார். உங்களுக்குப் பள்ளிக்கூடம் திறக்கும்போது நோட்டு வாங்கித் தந்திருக்கிறார். இப்போது நினைத்தால் அதுதான் எனக்கு அதிகம் எரிகிறது. எங்களுக்குச் சேர வேண்டியதில் ஒரு பிடியை எடுத்துக்கொண்டு, அதிலிருந்தே ஒரு சிட்டிகையை எங்களுக்கு அன்பளிப்பாகக் கொடுத்திருக்கிறார். நாங்களும் இரண்டு கையையும் நீட்டி வாங்கியிருக்கிறோம்.

விஷயம் தொடங்கியது சில வருஷங்களுக்கு முன்னால். ஒரு நாள் காலையில் சுரங்கத்துக் கான்ட்ராக்ட் ஆள் ஒருத்தர், வழக்கமாக ரெண்டு இட்லியோடு எழுந்து போகிறவர், மேசையிலிருந்தே கூவினார்.

"மாஸ்டர், இன்னிக்கி நெய் ரோஸ்ட்டு! பஞ்சப்படி ஏறிடுச்சு!"

கழுவிய தட்டுகளை அடுக்கிக்கொண்டு வந்த அக்கா அதைக் கேட்டுவிட்டார். மத்தியானம் கூட்டம் ஓய்ந்ததும் கல்லாவுக்கு முன்னால் போய் நின்றார்.

"மொதலாளி, பஞ்சப்படின்னா இன்னாங்க? நமக்குக் கெடையாதா?"

"எம்மா, பேர்லயே இருக்குதே. பஞ்சம் வந்தா பஞ்சப்படி. வீராணம் ஏரி ரொம்பி வழியுதுன்னு பேப்பர்ல போட்டுருக்கான். எங்க இருக்குது பஞ்சம்?"

"அவங்களுக்கு மட்டும் குடுக்கறாங்களாமே?"

"அவங்களுக்கு டெல்லிலேருந்து வருது. டெல்லில மழ கம்மி."

எல்லோரும் சிரித்தோம். நானும் சிரித்தேன். சிரித்ததோடு விட்டேனா? பின்கட்டுக்குப் போய், அக்காவுக்கு இன்னும் விளக்கமாகச் சொன்னேன். அந்தக் காலத்தில் ராஜா பஞ்சம் வந்தால் களஞ்சியத்தைத் திறந்துவிடுவார் இல்லையா, அதுபோல என்றேன். படித்தவன் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று அவரும் தலையை ஆட்டினார். முதலாளி ஒரு செங்கல் வைத்தார், நான் அதன்மேல் சுவரே எழுப்பினேன்.

அதற்கப்புறம் அக்கா வானத்தைப் பார்க்க ஆரம்பித்தார். ஒரு வருஷம் ஐப்பசி கார்த்திகை இரண்டும் பொய்த்துப் போனது. போர்வெல் எல்லாம் காற்றை இழுத்தது. அக்கா மறுபடியும் போய் நின்றார்.

"மொதலாளி, இந்த வருசம் நல்ல காய்ச்சல். இப்பவாவது உண்டுங்களா?"

"பஞ்சம்னு நீ சொன்னா ஆச்சா? கலெக்டர் சொல்லணும்மா."

அடுத்த வருஷம் புயல் மழை. பின்தெருவில் முழங்கால் தண்ணீர். அக்கா சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு வந்து நின்று, "அப்ப வெள்ளப்படி குடுங்க" என்றார். முதலாளி வயிறு குலுங்கச் சிரித்தார். மிஞ்சின வடை நாலைப் பொட்டலம் கட்டிக் கொடுத்தார். அதைத்தான் நாங்கள் ரொம்ப நாள் வேடிக்கையாகச் சொல்லிக்கொண்டிருந்தோம்.

இப்போது உன் விடைத்தாளுக்கு வருகிறேன் பாப்பா. மறுநாள் மத்தியானம் சைக்கிளை எடுத்துக்கொண்டு சுரங்கத்து டவுன்ஷிப்புக்குள் உன் பள்ளிக்கூடத்துக்கு வந்தேன். உன்னிடம் சொல்லவில்லை. டீச்சர் என்னைவிடப் பத்து வயசாவது சின்னவர்.

"நான்தாங்க" என்றேன்.

"நீங்கதான்னா?"

"யார் சொன்னதுன்னு எழுதியிருந்தீங்களே. நான்தாங்க சொன்னது. எம் பொண்ணு பேர்ல தப்பில்ல."

டீச்சர் சிரித்துவிட்டு உட்காரச் சொன்னார். நான் மெஸ்ஸில் நடந்ததை, அக்கா வானத்தைப் பார்த்ததை, வெள்ளப்படியை எல்லாம் சொன்னேன். சொல்லச் சொல்ல அவர் முகத்தில் சிரிப்பு போய்விட்டது. எங்களுக்கெல்லாம் வேடிக்கையாக இருந்த கதை அந்த அம்மாவுக்கு வேடிக்கையாக இல்லை.

"சார், அகவிலைன்னா பழைய தமிழ்ல தானியத்தோட விலை. வெலைவாசி ஏறினா அதுக்குத் தக்க ஏறுற படி அது. பஞ்சப்படின்னு பேரு ஒட்டிக்கிச்சு, அவ்வளவுதான். மழைக்கும் இதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்ல. நீங்க என்ன தொழில்?"

"ஓட்டல்லங்க."

"ஓட்டலுக்கு மாநில அரசு குறைஞ்சபட்ச சம்பளப் பட்டியலே போட்டிருக்கு. பிரவுசிங் சென்டர்ல போய் எடுத்துத் தரச் சொல்லுங்க" என்று தலைப்பை ஒரு துண்டுத் தாளில் எழுதிக் கொடுத்தார்.

எடுத்தேன். மந்தாரக்குப்பம் கடைவீதியில் நின்றபடியே படித்தேன். சமைப்பவர், தோசை போடுபவர், பரிமாறுபவர், மேசை துடைப்பவர் என்று வரிசையாக இருந்தது. கீழே வந்தால் மாவு அரைப்பவர், பாத்திரம் கழுவுபவர். அந்த வரியில் என் கண் நின்றுவிட்டது. எங்கள் மெஸ்ஸில் சாப்பிடுகிற ஒருத்தருக்கும் அப்படி ஒரு ஆள் பின்னால் இருப்பது தெரியாது. எங்கேயோ சென்னையில் உட்கார்ந்து எழுதினவருக்கு அக்காவைத் தெரிந்திருக்கிறது. அவருக்கு இவ்வளவு கொடு என்று எழுதியும் வைத்திருக்கிறார். என் சம்பளம் அந்தப் பட்டியலுக்குக் கீழே இருந்தது. அக்காவுடையது இன்னும் கீழே, பாதாளத்தில் கிடந்தது.

எண்ணை இங்கே எழுதமாட்டேன். அது ஏப்ரலுக்கு ஏப்ரல் மாறும். நீங்கள் படிக்கிறபோது பழசாகியிருக்கும். மாறுகிற விதத்தைத் தெரிந்துகொள்ளுங்கள், அது போதும். அந்தச் சம்பளம் இரண்டு துண்டு. ஒன்று அடிப்படைச் சம்பளம். அதை அரசாங்கம் சில வருஷத்துக்கு ஒரு தடவை உட்கார்ந்து திருத்தும். இன்னொன்று இந்தப் படி. அதற்காக ஒவ்வொரு மாசமும் சில ஊர்களில் அரிசி என்ன விலை, பருப்பு என்ன விலை, எண்ணெய், துணி, வீட்டு வாடகை, பஸ் கட்டணம் என்று விசாரித்து எல்லாவற்றையும் சேர்த்து ஒரு எண்ணாக்குகிறார்கள். விலைவாசிப் புள்ளி என்று அதற்குப் பெயர். போன வருஷம் ஜனவரியிலிருந்து டிசம்பர் வரைக்கும் அந்தப் புள்ளி எவ்வளவு ஏறியதோ அதற்குத் தகுந்தபடி ஏப்ரல் முதல் தேதியிலிருந்து படி ஏறும். முதலாளி மனசு வைத்து ஏற்றுவது இல்லை. யாரும் போய்க் கேட்டு வாங்குவதும் இல்லை. தேதி வந்தால் அது பாட்டுக்கு ஏற வேண்டும். சுரங்கத்து ஆட்களுக்கு மத்திய அரசுப் பட்டியல். வருஷத்துக்கு இரண்டு தடவை மாறும். எங்களுக்கு மாநிலப் பட்டியல், ஒரு தடவை. எங்கள் மெஸ்ஸுக்குள் மட்டும் ஒரு தடவையும் இல்லை.

எனக்கு எது நெஞ்சைச் சுட்டது தெரியுமா? எங்கள் மெஸ்ஸில் ஒரு விலைப்பலகை தொங்குகிறது. உளுந்து விலை ஏறினால், சிலிண்டர் விலை ஏறினால், மறுநாளே முதலாளி ஸ்டூல் போட்டு ஏறித் தோசை விலையை அழித்து எழுதுவார். யாராவது கேட்டால், "என்னா பண்றது, வெலவாசி" என்பார். அதே விலைவாசிதானே ஐயா! அதே உளுந்து, அதே சிலிண்டர். தோசைக்கு ஏறுகிற விலைவாசி, அந்தத் தோசைக்கு மாவு ஆட்டுகிறவளுக்கு வரும்போது மட்டும் எப்படி மழையாக மாறிவிடுகிறது? அந்தப் பலகையை வருஷக்கணக்காகப் பார்த்துக்கொண்டே தோசை ஊற்றியிருக்கிறேன். எனக்கு உறைக்கவில்லை. முதலாளி மேல் வந்த கோபத்தில் பாதி என் மேலேயே வந்தது.

அன்றைக்குச் சாயங்காலம் அரிசி எடுக்க ஸ்டோர் ரூமுக்குப் போனவன், கையில் இருந்த தாளையும் சுவரையும் மாறி மாறிப் பார்த்தேன். சாமி படங்கள் வரிசையாக மாட்டியிருக்கும் இடத்தில் கடைசியாக ஒரு கண்ணாடிச் சட்டம். மேலே கோபுரச் சின்னம். அதற்குக் கீழே பொடி எழுத்தில் குறைந்தபட்ச ஊதியச் சட்டத்தின் சுருக்கம், அச்சடித்தது. வேலை செய்கிற எல்லோர் கண்ணிலும் படும்படி மாட்ட வேண்டும் என்பது விதி. முதலாளி அரிசி மூட்டைக்கு மேலே, ஐந்தாவது சாமியாக மாட்டிவிட்டார். கோபுரத்தைப் பார்த்து அக்கா அதையும் ஏதோ கோயில் படம் என்று நினைத்து, வெள்ளிக்கிழமை தவறாமல் துடைத்துச் சந்தனம் குங்குமம் வைத்திருக்கிறார். வருஷக்கணக்கில் வைத்த பொட்டு வழிந்து, முதல் நாலு வரி தெரியாமல் சிவப்பாகக் கிடந்தது.

அக்காவைக் கூப்பிட்டேன். "அக்கா, இது சாமி இல்ல."

"பின்ன யாரு?"

"கவர்மெண்ட்டு. உனக்கு இன்னா சம்பளம் தரணும்னு சட்டம் எழுதியிருக்குது."

அவர் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு கிட்டே போய்ப் பார்த்தார். "அட பாவி. ஒரு வெள்ளிகூட உடாம பொட்டு வெச்சனே. ஒண்ணும் குடுக்கலியே."

"அது குடுத்துட்டுதான்கா இருந்துது. நடுவுல வாங்கி வெச்சிக்கினாங்க."

முழுதும் படித்துக் காட்டினேன். மழையைப் பற்றி நான் முன்பு சொன்னதெல்லாம் தப்பு என்றும் சொன்னேன். "போ தம்பி, நீயும் நானும் ஒரே கல்லுல வெந்த தோச" என்றார். அப்புறம் மெதுவாக, "வூட்டுக்காரம்மா தை பொறந்தா வாடகைய ஏத்துறேன்னுது. இல்லன்னா காலி பண்ணுன்னுது. இந்தப் படி இருந்தா கட்டிடலாம் இல்ல?" என்று கேட்டார். கட்டிவிடலாம். கட்டிவிட்டு மிச்சமும் இருக்கும்.

அப்போது மார்கழி பாதி. அடுத்த நாள் மத்தியானமே அக்கா கல்லாவுக்கு முன்னால் போய் நின்றார். இந்தத் தடவை கை கட்டவில்லை.

"மொதலாளி, என் படிய சேத்துக் குடுங்க."

"மறுபடியுமா? இந்த வருசமும் மழ நல்லாத்தான..."

"மழ பேயட்டும், பேயாம போவட்டும். அது வேற, இது வேற. வெல ஏறுனா ஏறணும்."

முதலாளி முகம் மாறியது. "யாரு சொன்னது உனக்கு?"

பிள்ளைகளே, இந்த இடத்தை நான் மறைத்திருக்கலாம். மறைக்கவில்லை. அவர் அப்படிக் கேட்டபோது நான் ஐந்தடி தூரத்தில் நின்றிருந்தேன். பட்டியல் என் சட்டைப்பையில் இருந்தது. நான் வாயைத் திறக்கவில்லை. அக்கா என் பக்கம் திரும்பினால் மாட்டிக்கொள்வேன் என்று குனிந்து கல்லைச் சுரண்டினேன். அவர் திரும்பவே இல்லை.

"உங்க செவுத்துலதான் மாட்டி வெச்சிருக்கீங்க. கோபுரத்துக்குக் கீழ."

"ரெண்டு வேள சோறு போடறனே, அது கணக்கு இல்லியா? வூட்டு மனுசியாட்டம் வெச்சிருக்கறன். பட்டியல் படிக்கறவளுக்கு எங்கிட்ட வேல இல்ல. நாளையிலேருந்து வராத."

அக்கா பின்கட்டுக்குப் போய், பாதி கழுவியிருந்த அண்டாவை முழுசாகக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, செருப்பைப் போட்டுக்கொண்டு போனார். அண்டாவைக் கழுவாமல் போட்டுவிட்டுப் போயிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

மறுநாள் காலையில் நானே முதலாளியிடம் போய், "பட்டியலப் படிச்சுக் காட்டுனது நான்தாங்க" என்றேன். என்னையும் போகச் சொல்வார் என்று நினைத்தேன். சொல்லவில்லை. நாற்காலியை இழுத்து உட்காரச் சொன்னார். "உனக்கு இன்னா வேணும் சொல்லு. அடுத்த மாசத்துலேருந்து உனக்கு மட்டும் சேத்துத் தரன். கம்முனு இரு" என்றார். தோசை மாஸ்டர் கிடைப்பது கஷ்டம். பாத்திரம் கழுவ யார் வேண்டுமானாலும் வருவார்கள் என்பது அவர் கணக்கு. வேண்டாம் என்று சொல்ல எனக்கு ஒரு பகல் முழுக்க ஆயிற்று. அதையும் எழுதிவிடுகிறேன். தம்பிக்குச் சைக்கிள் வாங்கலாம் என்றுகூட அந்த ஒரு பகலில் நினைத்துவிட்டேன். சாயங்காலம் உங்கள் அம்மாவிடம் சொன்னேன். அவள் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். முறத்தைக் கீழே வைக்காமலே, "அந்தக்காவ அழைச்சிக்கினு போயி எங்க சொல்லணுமோ அங்க சொல்லிட்டு வாங்க" என்றாள். அவ்வளவுதான்.

திங்கள்கிழமை லீவு போட்டுவிட்டு அக்காவோடு கடலூர் பஸ் ஏறினேன். தொழிலாளர் அலுவலகத்தில் ஒரு அதிகாரி எல்லாவற்றையும் கேட்டு எழுதிக்கொண்டார். கடைசியில், "அந்தம்மா சம்மதிச்சுத்தான் இந்தச் சம்பளத்துக்கு வந்தாங்கன்னு உங்க முதலாளி சொல்லுவாரு. சொல்லட்டும். சம்மதிச்சாலும் செல்லாது" என்றார்.

அக்கா முன்னால் நகர்ந்தார். "ஏங்க, நானே ஒத்துக்கினு செஞ்சிருந்தாலுமா?"

"நீங்களே கைப்பட எழுதிக் குடுத்திருந்தாலும் செல்லாது. இதுக்குக் கீழ குடுக்கவும் கூடாது, வாங்கவும் கூடாது."

திரும்பி வரும்போது பஸ்ஸில் அக்கா அதையே சொல்லிக்கொண்டு வந்தார். "நானே ஒத்துக்கினாலும் செல்லாதாம் தம்பி. பாரேன். நானே ஒத்துக்கினாலும்!" வாழ்க்கையில் அவர் ஒத்துக்கொண்டதெல்லாம் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்ததோ என்னவோ, பண்ருட்டி தாண்டியதும் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

முதல் தடவை விசாரணைக்கு முதலாளி வரவில்லை. இரண்டாம் தடவை ஆள் அனுப்பி அவகாசம் கேட்டார். அதற்குள் தை பிறந்துவிட்டது. பட்டியல் மாறுவதற்கு ஏப்ரல் வர வேண்டும். வாடகை தையிலேயே மாறிவிடும். வீட்டுக்காரம்மாவிடம் நானும் போய்ப் பேசிப் பார்த்தேன். "எனக்கும் வெலவாசிதான" என்றார். பொங்கல் கழிந்து நாலாம் நாள் அக்கா அறையைக் காலி செய்தார். ஒரு டிரம், இரண்டு மூட்டை, ஒரு மடக்குக் கட்டில். ஷேர் ஆட்டோவில் ஏற்றிக் காடாம்புலியூர்ப் பக்கம் தம்பி வீட்டுக்குப் போய்விட்டார். ஏற்றிவிட்டவன் நான்தான்.

மூன்றாம் தடவை விசாரணைக்கு முதலாளி வந்தார். வெள்ளை வேட்டி, நெற்றியில் திருநீறு. "அந்தம்மா எங்க குடும்பத்துல ஒருத்தரு மாதிரி சார்" என்று ஆரம்பித்தார்.

"அப்ப ஒரு நாளு கல்லாவுல உக்கார வெச்சிருக்கலாமே மொதலாளி" என்றார் அக்கா. அதிகாரி எழுதுவதை நிறுத்திவிட்டுச் சிரிப்பை அடக்கினார்.

ஒருவழியாகச் சமரசம் ஆயிற்று. மெஸ்ஸில் எல்லோருக்கும் பட்டியல்படி சம்பளம்; அக்காவுக்குக் குறைத்துக் கொடுத்ததில் ஒரு பகுதியைத் தவணையாகத் தர வேண்டும். முதலாளி கையெழுத்துப் போட்டார். எனக்குச் சம்பளம் ஏறியது. சப்ளையருக்கு ஏறியது. மேசை துடைக்கிறவருக்கு ஏறியது. கேட்டவருக்கு மட்டும் அறையும் இல்லை, வேலையும் இல்லை. "வேற ஆள் போட்டுட்டன்" என்றார் முதலாளி. "கூப்பிட்டாலும் வரமாட்டன்" என்றார் அக்கா. பேப்பரில் படித்தால் இதற்கு வெற்றி என்று பெயர். நான் அந்த வார்த்தையைச் சொல்லமாட்டேன். சட்டம் வந்து சேர்ந்தது உண்மை. பஸ்ஸைத் தவறவிட்டு நடந்து வந்து சேர்ந்தது. அதற்குள் அவர் வீடு போய்விட்டது.

தவணைப் பணமும் வந்தது, அதைப் பொய் சொல்லக்கூடாது. அக்கா அதைத் தன் தம்பி வீட்டில் சாப்பாட்டுக்குக் கொடுத்தாராம்.

ஆனி மாசத்தில் அக்காவை மந்தாரக்குப்பம் பஸ் ஸ்டாப்பில் பார்த்தேன். கையில் பொட்டலம். காலை முதல் பஸ்ஸுக்கு வந்து, கடைவீதிக்கு அந்தப் பக்கம் இருக்கிற இன்னொரு ஓட்டலில் மத்தியானப் பாத்திரம் கழுவுகிறாராம். சம்பளத்தைக் கேட்டேன். எங்கள் மெஸ்ஸில் முன்பு வாங்கியதைவிடக் குறைவு.

"படி?"

"கேட்டன். அதெல்லாம் பர்மனெண்ட் ஆளுங்களுக்குத்தான்னு சொல்லிட்டாரு." அக்கா வாய்விட்டுச் சிரித்தார். "ஆளுக்கு ஒண்ணு வெச்சிருக்கறாங்க தம்பி. அவரு மழன்னாரு, இவரு பர்மனெண்ட்டுங்கறாரு."

"பொய்க்கா அது. கடலூர் போவலாம் வா."

"போனா இன்னொரு வூடு மாறணும். மாற வூடு இல்ல." பஸ் வந்தது. "அங்க எங்கூடக் கழுவுற பொண்ணு ஏழாவது படிச்சிருக்குது. சின்னப் பொண்ணு, கைக்கொழந்தக்காரி. அதுங்கிட்டயும் அதையேதான் சொல்லி வெச்சிருக்கறாரு" என்று சொல்லிக்கொண்டே ஏறிப் போய்விட்டார்.

வீட்டுக்கு வந்தும் எனக்கு ஆறவில்லை. இரண்டு நாள் கழித்து மத்தியானம், நீங்கள் இரண்டு பேரும் பள்ளிக்கூடத்தில், உங்கள் அம்மா ரேஷன் கடையில். ஏப்ரலில் மாறின புதுப் பட்டியலை ஒரு நகல் எடுத்து வந்திருந்தேன். அதில் பாத்திரம் கழுவுபவர் என்ற வரியைச் சுற்றிச் சிவப்பு ஸ்கெட்ச் பேனாவால் கட்டம் போட்டேன். அகவிலைப்படி என்று அச்சடித்திருந்தது. சமையல்கட்டில் இருக்கிற யாருக்கும் அந்த வார்த்தை தெரியாது. பக்கத்திலேயே பஞ்சப்படி என்று பெரிதாக எழுதினேன். அதற்குக் கீழே, எல்லாருக்கும், என்று எழுதினேன்.

இரண்டு கை மைதாவைத் தண்ணீரில் கரைத்து அடுப்பில் வைத்துக் கிண்டினேன். பசை ஆறினதும் டப்பாவில் எடுத்துக்கொண்டு சைக்கிளில் போனேன். அந்த ஓட்டலுக்குப் பின்னால் ஒரு சந்து. குழாயடியும் பாத்திரம் கழுவுகிற இடமும் அங்கேதான். சாப்பாட்டு நேரம் முடிந்து ஆள் யாரும் இல்லை. எதிர்ச்சுவரில், என் கை எட்டுகிற உயரத்தில் முதலில் பசையைத் தடவிவிட்டேன். அப்புறம்தான் தோன்றியது. கழுவுகிறவர்கள் நின்றுகொண்டு கழுவுவதில்லை. நானும் குழாயடியில் குந்தி உட்கார்ந்து, எதிரே கண் எங்கே போகிறது என்று பார்த்தேன். நிற்கிறவன் முட்டிக்குக் கொஞ்சம் மேலே போயிற்று. அந்த இடத்தைத் துண்டால் துடைத்து, பசை தடவி, தாளை ஒட்டி, நாலு ஓரமும் விரலால் அழுத்திவிட்டு வந்தேன்.